ஏழைத் தொழிலாளியின் காப்புறுதிக்குச் சட்டம் எங்கே?

பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒரு சாவு விழுந்தால் முதலில் திறப்பது காப்புறுதிக் கம்பனியின் பணப்பெட்டியன்று. மரண உதவிச் சங்கத்தின் பெட்டியே. வீட்டுக்கு இவ்வளவென்று மாதந்தோறும் சேர்த்த காசு சவப்பெட்டிக்கும் பந்தலுக்கும் அன்றைக்கே எண்ணிக் கொடுக்கப்படுகின்றது. ஆனால் கருமாதியோடு அந்தப் பெட்டி காலியாகிவிடும். உழைத்தவர் போன பின் பிள்ளைகளின் படிப்புக்கும் அடுப்புக்கும் அதில் எதுவும் மிஞ்சுவதில்லை.

அந்தக் குறையைத் தீர்ப்போம் என்று சொல்லிக்கொண்டுதான் லயங்களுக்குக் காப்புறுதி முகவர்கள் வருகின்றனர். வரட்டும், நாம் தடுக்கவில்லை. அவர்கள் விற்பது என்ன என்பதே நமது கேள்வி. மாதச் சம்பளக்காரருக்கென்று வெட்டிய சட்டையை நாட்சம்பளக்காரருக்கு மாட்டுகின்றனர். 2024இல் சம்பளச் சபை மூலம் விதிக்கப்பட்ட நாட்சம்பளம் 1350 ரூபா. அதுவும் பேர் விழுந்த நாளுக்கு மட்டுமே. கொழுந்து குறைந்தால் பேரும் குறையும், கட்டுப்பணம் குறைவதில்லை. தொடக்க ஆண்டுகளில் தவணை தவறினால் ஒப்பந்தமும் போயிற்று, கட்டிய காசும் போயிற்று!

தவறாது கட்டியவரின் குடும்பத்துக்காவது எளிதில் கிடைக்கின்றதா? செக்ரோலில் 'லெட்சுமி', பிறப்புச் சான்றிதழில் 'முத்துலட்சுமி', அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. எந்தக் காலத்துத் தோட்டக் கிளாக்கரோ எழுதிய எழுத்துக்கு இன்று பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். கிராம அலுவலரிடம் ஒரு நாள், சமாதான நீதவானிடம் ஒரு நாள், பதுளைக் கிளை அலுவலகத்தில் ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகின்றது. கட்டுப்பணம் வாங்கியபோது எந்த லெட்சுமி என்று கேளாத கம்பனிக்கு, காசு கொடுக்கும்போது மட்டும் இந்த ஐயம் எங்கிருந்து வந்தது?

கம்பனி இலாபத்துக்கு நடப்பது; அதனை நொந்து பயனில்லை. நாம் குற்றஞ்சாட்டுவது சட்டம் செய்வோரை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டத்தில் ஏழையின் சிறு காப்புறுதிக்கென்று ஒரு தனிப் பகுதி இல்லை. 2011இல் வந்த திருத்தமோ ஆயுட் காப்புறுதியையும் பொதுக் காப்புறுதியையும் ஒரே கம்பனி நடத்தலாகாது என்றது. ஆயுள் நிதி மற்ற நட்டங்களில் கரையாதிருக்க அது நல்ல ஏற்பாடே. ஆனால் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் சரிந்த மண், ஆளையும் அறையையும் ஒன்றாகவே மூடிற்று. ஆளுக்கு ஒரு கம்பனி, அறைக்கு ஒரு கம்பனி என்று தொழிலாளி இரண்டு ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டுமாம்! லயத்து அறைக்கு உறுதிப்பத்திரமே இல்லாதவர் எதைக் காட்டிக் காப்புறுதி செய்வார் என்பது அதனிலும் பெரிய கேள்வி.

வழியில்லாமலில்லை. இந்தியா 2005இல் சிறு காப்புறுதிக்குத் தனி விதி செய்து, இருவகைக் கம்பனிகளும் கைகோத்து ஒரே ஒப்பந்தமாக விற்க இடங்கொடுத்தது. பிலிப்பைன்ஸ் 2013இல் திருத்திய சட்டத்தில், நாட்கணக்கில் பார்த்தால் கட்டுப்பணம் தலைநகரின் குறைந்தபட்ச நாட்சம்பளத்தில் 7.5 வீதத்தை மீறலாகாது என்று எல்லை கட்டியது. ஒப்பந்தம் எளிதில் விளங்க வேண்டும், பத்திரங்கள் சொற்பமாயிருக்க வேண்டும், பணம் வரும் காலத்துக்கு இசையவே தவணை வாங்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கின்றது. அவர்கள் செய்ததை நம்மவர் செய்ய முடியாதா?

அரசாங்க ஊழியருக்கு 'அக்ரஹார' உண்டு. அதனை அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியமே நடத்துகின்றது. தேயிலையால் அந்நியச் செலாவணி தேடித் தருபவருக்கு அப்படி ஒன்று ஏன் இல்லை? செக்ரோலில் சந்தா பிடிக்கத் தெரிந்த தொழிற்சங்கங்களும் இதனைக் கேட்டு இன்னும் ஒரு பெரிய போராட்டம் நடத்தவில்லை.

ஊவாவின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்பது இதுதான்: வேலை செய்த நாளுக்கு மட்டும் கட்டுப்பணம், தவணை தவறினாலும் கட்டிய அளவுக்குக் காப்பு, தமிழில் ஒப்பந்தம், பத்து நாளில் பணம். வெலிமடை மரக்கறிச் செய்கையாளருக்கும் இது பொருந்தும். அதுவரை பதுளைத் தமிழ்ச் சட்டத்தரணிகளும் சமாதான நீதவான்களும் ஒன்று செய்யலாம்: மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்துக்குப் போய், பெயர்ப் பிழைக்கான சத்தியக்கடதாசிகளைக் கட்டணமின்றி, உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுக்கட்டும்.