சம்பள நாளும் பீர்க்கடையும்

பீர் எங்கும் பீர்தான். பார்லியை முளைக்க விட்டு, உலர்த்தி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்த்துப் புளிக்க வைப்பதுதான் லண்டனிலும் மியூனிக்கிலும் சிட்னியிலும் நடக்கிறது. நம் நாட்டிலும் அதே. ஆனால் ஓரிடத்தில் அதைக் குடித்தவன் பேசிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். இன்னோரிடத்தில் சாக்கடையோரம் விழுந்து கிடக்கிறான். இதற்கு மக்களின் குணத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். ஜெர்மானியன் அப்படி, ஆங்கிலேயன் இப்படி, நம்மவன் திருந்தவே மாட்டான் என்பார்கள். இந்தப் பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. கடை எப்படி நடத்தப்படுகிறது என்பதே பெரும்பாலும் குடியின் லட்சணத்தைத் தீர்மானிக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். முதல் உலக யுத்தத்தின்போது, 1916-ல், சிட்னி அடங்கிய நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மதுக்கடைகளை மாலை 6 மணிக்கே மூட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆண்கள் நேரத்தோடு வீடு திரும்பட்டும் என்ற நல்லெண்ணம்தான். 5 மணிக்கு வேலை விட்டதும் கூட்டம் கடைக்கு ஓடியது. ஒரு மணி நேரத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் நின்றபடியே விழுங்கினார்கள். இடத்தை அடைக்கிறது என்று பல கடைகளில் நாற்காலி, மேஜையை எடுத்துவிட்டார்கள். கழுவிவிட வசதியாகச் சுவரில் குளியலறை ஓடு பதித்தார்கள். 1955-ல்தான் இரவு 10 மணி வரை நேரம் நீட்டப்பட்டது. மெல்போர்ன் உள்ள விக்டோரியா மாநிலத்தில் 1966 வரை இந்தக் கூத்து நீடித்தது.

பிரிட்டனில் தொல்லை கூலிப் பட்டுவாடாவில் இருந்தது. தேம்ஸ் நதியில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கிய கூலியாட்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்தவர்களே மதுக்கடைக்காரர்கள்தான். கடையில் குடிப்பவனுக்கே வேலை. 1843-ல் இதற்கெனத் தனிச் சட்டம் போட்டு, வேலை வழங்க ஓர் அலுவலகம் ஏற்படுத்தினார்கள். கூலியை மதுக்கடையில் வைத்துக் கொடுக்கும் வழக்கத்தை 1883-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1949-ல் வகுத்த கூலிப் பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு விதி உண்டு. மேஸ்திரி எங்கே உட்கார்ந்து பணம் எண்ணுகிறார் என்பது சிறு விஷயமல்ல என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இன்னும் நெருக்கமானது கார்லைல் கதை. இங்கிலாந்தின் வட எல்லையில் உள்ள ரயில் சந்திப்பு நகரம் அது. பக்கத்தில் கிரெட்னாவில் பிரம்மாண்டமான வெடிமருந்துத் தொழிற்சாலை கட்டுவதற்காக 1915-ல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து குவிந்தனர். அவர்களில் பலர் அயர்லாந்துக்காரர்கள். குடும்பம் ஊரில், தங்கல் கொட்டகையில், கையில் யுத்த காலக் கூலி. மாலையில் ரயிலேறிக் கார்லைலுக்கு வருவார்கள். வண்டி வரும் நேரம் பார்த்து நூற்றுக்கணக்கான கிளாஸ்களில் விஸ்கியை ஊற்றி வரிசையாக வைத்திருந்த கடைக்காரர் ஒருவரைப் பற்றி இன்றும் சொல்வதுண்டு. கால அட்டவணையை ரயில்வேக்காரர்களைவிட நன்றாகப் படித்தவர் போலும்!

1916-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அந்த வட்டாரத்து மதுக்கடைகளையும் பீர் ஆலைகளையும் தானே எடுத்துக்கொண்டது. அரசே மது விற்பது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் 2003 முதல் டாஸ்மாக் சில்லறைக் கடைகளை நடத்துகிறது. ஆனால் கார்லைலில் விற்ற விதம் வேறு. கடை நிர்வாகிக்கு நிலையான சம்பளம். மது கூடுதலாக விற்றால் கமிஷன் கிடையாது; சாப்பாடு விற்றால் உண்டு. பல கடைகளை மூடிவிட்டு, மிச்சமிருந்தவற்றில் சூடான உணவுக்கும் உட்காரும் வசதிக்கும் ஏற்பாடு செய்தார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு வாங்கிக் கொடுப்பதுகூட யுத்த காலத்தில் குற்றம். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால், 1917-ல் அன்று விஸ்கி போன்ற கடும் சரக்கு விற்பனையை நிறுத்தினார்கள், பீர் கிடைத்தது. குடிபோதை வழக்குகள் வெகுவாகக் குறைந்தன. அரசுக்கு லாபமும் வந்தது. பின்னாளில் ஹாரி ரெட்பர்ன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு, பந்து உருட்டி விளையாடும் புல்வெளியோடு கூடிய மதுச்சாலைகளைக் கட்டினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த இந்த ஏற்பாட்டை 1970-களின் தொடக்கத்தில் தனியாருக்கு விற்றுவிட்டார்கள்.

ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு பழைய உத்தரவு எதிர்பாராத நன்மை செய்தது. மியூனிக் பீர் ஆலைக்காரர்கள் தங்கள் கிடங்குத் தோட்டங்களில் பீர் விற்கலாம், ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது என்று 1812-ல் மன்னர் மாக்ஸ் ஜோசப் ஆணையிட்டார். ஓட்டல்காரர்களின் பிழைப்பைக் காக்கத்தான். மக்கள் வீட்டிலிருந்தே உணவு கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றும் பாட்டி முதல் பேரன் வரை மர நிழலில் நீண்ட பெஞ்சில் அமர்ந்து டப்பாவைத் திறக்கிறார்கள். பெரியவர்கள் முன்னே ஒரு லிட்டர் பீர்க் கோப்பை. மனைவி மக்கள் எதிரில் இருக்கையில் எவனும் அளவு மீற யோசிப்பான். அக்டோபர் திருவிழாக் கூடாரத்தில் பெஞ்சின் மேல் ஏறி ஆடுவதும் அதே ஊரில்தான். இடமும் கூட்டமும் வேறு.

இனி மும்பைக்கு வருவோம். 1949-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் பெயரளவில் இன்னும் உயிரோடு இருப்பதால்தான் பார் பலகையில் ‘பெர்மிட் ரூம்’ என்று எழுதியிருக்கிறது. குளிர்சாதன பப்பில் ஒரு பீர் சாப்பிடக் குமாஸ்தாவே இரு முறை யோசிக்க வேண்டும். போதைக் கணக்குப் போட்டால் பீரைவிடத் தேசிச் சரக்கு மலிவு. நாள் முழுதும் மூட்டை தூக்கியவன் அங்கேதான் போகிறான். அதற்கும் காசில்லாதவனுக்குக் கள்ளச் சாராயம். 2015 ஜூனில் மலாடு மால்வணியில் அது நூறு பேருக்கு மேல் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

கூலி இப்போது பலருக்கு வங்கிக் கணக்கில் விழுகிறது. கூலியையும் கல்லாவையும் 1883-ல் சட்டம் பிரித்து வைத்தது. கைபேசி இரண்டையும் மறுபடி ஒன்று சேர்த்துவிட்டது. நோட்டை எண்ணி எடுக்கும்போது வரும் சிறு தயக்கமும் போயிற்று.

கடைகளை இழுத்து மூடுங்கள் என்று நாம் எழுதவில்லை. நேரத்தைக் குறுக்கிய சிட்னி கண்ட பலன் தெரிந்ததே. தொழிலாளர் பகுதிக் கடைகளில் உட்காரப் பெஞ்சும், குடிதண்ணீரும், வயிற்றுக்குச் சோறோ சப்பாத்தியோ கிடைப்பதும் கட்டாயமாக வேண்டும். விற்ற பாட்டிலுக்கு இவ்வளவு என்று ஊழியருக்குக் கமிஷன் தரக் கூடாது என லைசென்சில் நிபந்தனை சேர வேண்டும். சனிக்கிழமை மாலை கடும் சரக்குக்கு ஓய்வு கொடுக்கலாம். ஆனால் கள்ளச் சாராயம் தலைதூக்காதபடி, அன்று பீராவது கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். மாநிலம் முழுவதும் உடனே செய்யச் சொல்லவில்லை. தாராவியிலோ மான்கூர்டிலோ ஒரு வட்டாரத்தில் கலால் துறை ஆறு மாதம் நடத்திப் பார்க்கட்டும். முன்னும் பின்னும் போலீஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்த வழக்குகளை எண்ணி வெளியிடட்டும். மனு எழுதும் வேலையை நம் தமிழ்ச் சங்கங்கள் இந்த மாதமே தொடங்கலாம்.