போலியோவிலிருந்து மீண்டோரின் உடற்பயிற்சி



இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் 2014 மார்ச் 27 அன்று போலியோ அற்றதெனச் சான்று பெற்றாலும், இளமையில் அந்நோய்க்கு ஆளானோர், முழங்கால் மடங்கிவிடாதபடி உள்ளங்கையால் தொடையை அழுத்திக்கொண்டு திருவரங்கத்து உத்தர வீதிகளில் இன்றும் நடக்கின்றனர். போலியோவால் அழிந்த நரம்பணுக்களின் வேலையையும் சேர்த்துச் சுமந்த எஞ்சிய அணுக்கள் பல்லாண்டுகளுக்குப் பின் நலிய, தசை மீண்டும் தளர்வதே போலியோவுக்குப் பிந்தைய நோய்த்தொகுதி எனப்படுகிறது. ஆகவே திருச்சி மலைக்கோட்டையின் 400க்கும் மேற்பட்ட படிகளை விடாமல் ஏறுவது போன்ற கடும் பயிற்சி இவர்களுக்குத் தீங்காகலாம். அதற்கு அஞ்சி முடங்கிக் கிடந்தாலோ இருக்கும் வலுவும் குறையும். உடலின் பாரத்தை நீர் தாங்குவதால், இடையிடையே ஓய்வெடுத்து, களைப்புத் தட்டும் முன்பே நிறுத்தும் நீச்சல் பலருக்கும் ஏற்றது. திருச்சி அண்ணா விளையாட்டரங்க நீச்சல்குளத்தில் இயன்முறை மருத்துவரின் துணையோடு இவர்களுக்கென வாரந்தோறும் சில மணி நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.

– வாசகர், திருவரங்கம்