குடும்ப குரூப்பை மியூட் பண்ணாதேங்கோ

இந்தக் கிழமை எபிசோடில டிக்டொக்கும் யூடியூப்பும் எங்களுக்கு எதைக் காட்டுறது எண்டு எப்பிடி முடிவெடுக்குது எண்டு கதைச்சம். அதில விட்டுப்போன ஆப் வட்ஸ்அப். அங்க குரூப்புக்குள்ள தரவரிசை கிடையாது. அனுப்பின நேரப்படிதான் மெசேஜ் வரும். உங்களுக்குப் பிடிக்குமா, கோபம் வருமா எண்டு ஒரு மொடலும் கணக்குப் பாக்கிறதில்ல. உங்களோட ஒத்துப்போகாத ஒராள் இன்னும் உங்கட ஃபோனுக்குள்ள வாற கடைசி இடங்களில ஒண்டு குடும்ப குரூப். அதைத்தான் எங்கட வயசு ஆக்கள் முதல்ல மியூட் பண்ணுறம்.

காரணம் விளங்குது. 2025 ஜூலையில எப்பிங் பெல் ஹொட்டலுக்கு முன்னால போராட்டம் தொடங்கினது. இல்ஃபோர்ட் ஆக்களுக்கு அது தூரமில்ல. கான்ட்ஸ் ஹில்லில போற அதே சென்ட்ரல் லைனில கடைசி ஸ்டேஷன். அந்த ஹொட்டலில தங்கியிருந்த ஒரு புகலிடக் கோரிக்கையாளர் 14 வயசுப் பிள்ளை மேல பாலியல் குற்றம் செய்ததாகக் கைதானார். செப்டெம்பரில குற்றம் நிரூபணமாகிச் சிறைக்குப் போனார். அது பொய்ச் செய்தி இல்லை.

ஆனா அதுக்குப் பின்னால என்ர குடும்ப குரூப்பில படகு வீடியோக்கள் வரத் தொடங்கினது, ரெட்டை அம்புக்குறியோட. (2020இல இருந்து அப்பிடியான மெசேஜை ஒரு தரத்தில ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம். மாமாவுக்குப் பொறுமை கூட. ஒவ்வொரு குரூப்பா அனுப்புவார்.) கீழ அவற்ற குரல்: "நாங்கள் சட்டப்படி வந்து வரி கட்டினாக்கள். இவங்கள் அப்பிடியே?"

"ரேசிசம், மாமா" எண்டு எழுதினால் கதை அதோட முடிஞ்சுது. "சட்டப்படி" எண்ட சொல்லைப் பற்றிக் கேக்கிறதுதான் நல்லது. அதுக்குக் கொஞ்சம் வரலாறு தெரிஞ்சிருக்கவேணும். பள்ளிக்கூடத்தில எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்ல.

83 கலவரத்துக்குப் பிறகு தமிழர் வரத் தொடங்க, 1985இல பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கினது. கொமன்வெல்த் நாடொண்டுக்கு அப்பிடிச் செய்தது அதுதான் முதல் தரம். 1987 பெப்ரவரியில, திருப்பி அனுப்பப் பாத்த தமிழர் ஹீத்ரோவில உடுப்பைக் கழட்டி எதிர்ப்புக் காட்டினவை. அந்த வருசமே சட்டம் வந்தது: சரியான பேப்பர் இல்லாத ஒராளை ஏத்தி வந்தால் விமானக் கம்பனிக்கு 1,000 பவுண்ஸ் தண்டம். ஏர்ல் வில்லியம் எண்ட பழைய ஃபெரிக் கப்பலை ஹார்விச் துறைமுகத்தில கட்டி, புகலிடம் கேட்டாக்களை அதுக்குள்ள அடைச்சு வைச்சினம். கூடுதலானவை தமிழர். ஒக்டோபர் புயலில கட்டறுந்து கப்பல் தரை தட்டினது. ஹார்விச்சும் எசெக்ஸ், எப்பிங்கும் எசெக்ஸ்.

அப்ப வந்த கன பேருக்குச் சட்டப்படி வர வழியே இருக்கேல்ல. வந்த பிறகுதான் பேப்பர் சரிவந்தது.

இதைச் சொன்ன உடன மாமா மாறப்போறதில்ல. அவருக்கும் பயம் இருக்கு. மகள் நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தனிய நடந்து வாறா. அந்தப் பயத்தைக் கேக்காமல் ஏர்ல் வில்லியத்தைத் தூக்கி எறிஞ்சால் அதுவும் இன்னொரு ஃபோர்வர்ட்தான். ஆனா நீங்கள் மியூட் பண்ணின பிறகு அவருக்குப் பதில் சொல்லுறது யூடியூப் ஓட்டோபிளே. உங்களுக்குப் பதில் சொல்லுறதும் அதுதான், வேற வீடியோவோட.

லிங்க் அனுப்பாதேங்கோ. தமிழ் டைப் பண்ண வராட்டி வொயிஸ் நோட் போடுங்கோ, உடைஞ்ச தமிழெண்டாலும் பரவாயில்ல. எந்த வருசம் வந்தனீங்கள், எந்த எயார்போர்ட், கையில என்ன பேப்பர் இருந்தது எண்டு கேளுங்கோ.

நான் கேட்டபோது மாமா ரெண்டு நாள் ஒண்டும் போடேல்ல. மூண்டாம் நாள் பதினொரு நிமிச வொயிஸ் நோட் வந்தது. ரிஃபோர்முக்குத்தான் வோட் எண்டுதான் முடிச்சார். அதுக்கு முதல் சொன்ன கதையில பாதியை அவற்ற பிள்ளையளே முந்திக் கேட்டதில்ல.