மயங்கி விழுந்தவர் வாயில் சோடா ஊத்தாதீங்க (த்ரெட்)

1/ காதர்பேட்டை. ஹோல்சேல் கடை வாசல்ல பனியன் பண்டல் இறக்கிட்டிருந்த ஐம்பது வயசுக்காரர் சரிஞ்சு விழுந்தார். வாய் கோணிடுச்சு, பேச்சு குழறுது. சுத்தி நின்னவங்க நல்லவங்கதான். ஒருத்தர் சோடா உடைச்சார், ஒருத்தர் தலையைத் தூக்கிப் பிடிச்சார், வாயில ஊத்திட்டாங்க. பக்கவாதம்னு எங்ககிட்ட வந்தவர், மூணாம் நாள் நிமோனியாவோட ஐசியூ போனார்.

2/ சோடாவாலதான்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா அந்த சோடா வயித்துக்குத்தான் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க.

3/ தொண்டை மேட்டுல விரலை வெச்சு எச்சில் முழுங்கிப் பாருங்க. மேடு ஏறி இறங்குதா? அதுதான் குரல்வளை. சுமார் 2 செ.மீ. ஏறும். சும்மா ஏறலை. தொண்டையில காத்துக்கும் சோத்துக்கும் ஒரே பாதை. கீழே முன்னால மூச்சுக்குழாய், பின்னால உணவுக்குழாய்.

4/ முழுங்கும்போது மெல்லண்ணம் எழும்பி மூக்கு வழியை அடைக்கும். குரல்வளை மேலயும் முன்னாலயும் நகரும். குரல் நாண்கள் ஒட்டிக்கும், குரல்வளை மூடி மேல கவியும். மூச்சு நிக்கும். அதே இழுப்புல உணவுக்குழாய் வாசல் திறக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரு நொடிதான்.

5/ இந்த வரிசையை நடத்தறது மூளைத்தண்டு. பக்கவாதம், வலிப்பு, தலையில அடி, கடும் போதை, எதுல வேணும்னாலும் இது குலையும். கதவு சரியா மூடாதப்ப நீங்க ஊத்தறது எங்க போகும்?

6/ "இருமவே இல்லையே டாக்டர், நல்லாத்தானே குடிச்சார்?" புரை ஏறினா யாரோ நினைக்கறாங்கன்னு சொல்வோம். உண்மையில நுரையீரலைக் காப்பாத்த உடம்பு போராடுதுன்னு அர்த்தம். புரை ஏறாதவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். மரத்துப்போன தொண்டையில தண்ணி சத்தமில்லாம நுரையீரலுக்குப் போயிடும்.

7/ "சுகர் இறங்கியிருந்தா?" முழு நினைவோட உக்காந்து, தானா முழுங்கறவருக்குச் சர்க்கரை குடுங்க. நினைவு இல்லாதவருக்கு வாய் வழியா எதுவும் வேண்டாம். வாய் கோணினவருக்கு ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவான்னு ஸ்கேன்லதான் தெரியும்.

8/ எங்க ஆளுங்களையும் சொல்லணும். பக்கவாதம் வந்தவருக்கு முதல் வாய் தண்ணிக்கு முன்னாடியே முழுங்கற சோதனை செய்யணும். பயிற்சி உள்ள நர்ஸ், கொஞ்சம் தண்ணி, சில நிமிஷம் போதும். அதைச் செய்யாம "இட்லி ஊட்டுங்கம்மா"ன்னு சொல்றது அலட்சியம். கூச்சப்படாம கேளுங்க: "முழுங்கறதை டெஸ்ட் பண்ணீங்களா?"

9/ அப்ப என்னதான் செய்யறது? 108-ஐக் கூப்பிடுங்க. மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எச்சிலும் வாந்தியும் வெளிய வழியட்டும். மூச்சு இல்லைன்னா நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க. விழுந்த நேரத்தைக் குறிச்சுக்கோங்க. அடைப்பைக் கரைக்கற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்.

10/ உதவணும்ங்கற உங்க மனசு பெருசுங்க. அந்த மனசோட சோடா பாட்டிலைக் கீழ வெச்சுட்டு, போனை எடுங்க.