சொல்லித்தராமல் வந்த இலக்கணம்
திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையோரம் விளையாடும் மூன்று வயதுக் குழந்தை, ‘நான் வரேன், நீ வரே, மாடு வருது’ என்று வினைவிகுதியைச் சரியாக மாற்றிப் பேசுகிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்ததை அதற்கு யாரும் நடத்தியதில்லை. கேட்டுப் பழகுவதே மொழி என்ற உளவியலாளர் ஸ்கின்னரை 1959-இல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி மறுத்தது இந்த இடத்தில்தான்: கேட்டிராத வாக்கியத்தையும் குழந்தை ஆக்கிவிடுகிறது; ஆகவே மொழித்திறன் பிறவியிலேயே இருக்கிறது. அப்படியானால் ரமணாசிரமத்துப் பக்கம் வளரும் வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தமிழ் வருவது எப்படி என்பார்கள். பிறவியில் கிடைப்பது தமிழோ ஜெர்மனோ அல்ல, எந்த மொழியையும் பற்றிக்கொள்ளும் திறன் என்கிறார் சாம்ஸ்கி. ஆனால் அந்தத் திறனின் மையமாக அவர் கருதும், வாக்கியத்துக்குள் வாக்கியம் அடங்கும் அமைப்பு பிரேசிலின் பிரஹா மொழியில் இல்லை என்று 2005-இல் மொழியியலாளர் டேனியல் எவரெட் எழுப்பிய ஆட்சேபத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. சாம்ஸ்கியே தம் கொள்கையைப் பலமுறை சுருக்கிக்கொண்டவர். இருந்தாலும் பிறவித்திறனே வேண்டாம், கணினி மொழி கற்கவில்லையா என்ற இன்றைய வாதம் எடுபடாது. கணினிக்குப் பல்லாயிரம் கோடிச் சொற்கள் தேவை. குழந்தைக்கு வீட்டுப் பேச்சும் தெருப் பேச்சும் போதும்.