கேட்டுவிட்டுக் கொடுங்கள்



நம் குடும்பக் குழுவில் தம்பி ஒருவர் ஒரு செய்தியைப் போட்டிருந்தார். "தீவுகளில் வாழ்ந்த பழங்குடிகளை மதம் மாற்றி, அவர்கள் பண்பாட்டையே அழித்துவிட்டார்கள்" என்பது சாரம். எல்லாத் தீவுக்கும் நான் பதில் சொல்ல முடியாது. நிக்கோபார் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். நான் வாரம் தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இதை யாருக்கும் வக்காலத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிக்கோபார் நமக்கு அந்நியமான இடமில்லை. இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் அதுதான். அங்குள்ள நிக்கோபாரி மக்களில் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். எப்படி ஆனார்கள் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

1768-ல் மொராவியச் சபையார் நம் தரங்கம்பாடியிலிருந்து அங்கே போனார்கள். ஏறத்தாழ இருபது வருடம் பாடுபட்டார்கள். காய்ச்சலில் பலர் இறந்தார்கள். சபை வேரூன்றவில்லை, திரும்பிவிட்டார்கள்.

அதற்கு நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1890-களில், கார் நிக்கோபார் தீவின் மூஸ் கிராமத்துக்கு ஒரு தமிழர் போனார். பெயர் வேதப்பன் சாலமோன், மெட்ராஸ்காரர். அரசாங்கத்தின் முகவர், உபதேசியார், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் அவரே. அங்கேயே பல வருடம் தங்கினார். அந்த மக்களின் திருவிழா, சாவு, சண்டை, வியாபாரம் என்று கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். போதிக்கப் போனவர் முதலில் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். நம் தொழில்காரர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

அவரிடம் படித்த பையன்களில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன், நிக்கோபாரி. பர்மாவில் மாந்தளைக்குப் போய்ப் படித்துவிட்டு, சொந்தத் தீவுக்கே வாத்தியாராகத் திரும்பினார். வேதாகமத்தைத் தன் தாய்மொழியில் கொண்டுவர உழைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடியில் அந்தத் தீவு பட்ட பாடு கொஞ்சமில்லை. உளவாளி என்று குற்றம் சாட்டிப் பலரைக் கொன்றார்கள். ரிச்சர்ட்சன் உயிர் தப்பினார். பின்னால் பேராயர் ஆனார். 1952-ல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகவும் போனார். அந்த மக்கள் பெருவாரியாகச் சபைக்கு வந்தது, அவர்கள் வீட்டுப் பிள்ளையே அவர்கள் பேச்சில் பேசிய பிறகுதான்.

சரி, பண்பாடு அழிந்ததா? மாற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன். பழைய பேயோட்டும் சடங்குகள் பல போயின. ஆனால் துஹெத் என்னும் பெரிய கூட்டுக்குடும்பம் நின்றது. தோப்பு, பன்றி, படகு எல்லாம் அந்தக் குடும்பத்துக்குப் பொது. முன்னோரை நினைத்து எடுக்கும் பன்றித் திருவிழாவும் நின்றது, படகுப் போட்டியும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாளில் தென்னந்தோப்பு. இரண்டையும் சேர்த்துப் பின்னிக்கொண்டார்கள்.

அந்தத் துஹெத்தை உண்மையில் ஆட்டிவைத்தது எது தெரியுமா? 2004 டிசம்பர் 26 சுனாமியும், அதன்பின் வந்த உதவியும். கடலோரக் கிராமங்கள் போயின. மிஞ்சியவர்களைத் தீவுக்குள்ளே தகரக் கொட்டகையில் வைத்தார்கள். பிறகு கட்டிய வீடுகளோ அப்பா, அம்மா, பிள்ளைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் கட்டியவை. நிவாரணப் பணமும் அதே கணக்கில் போனது. ஒரே உலையில் பொங்கித் தின்றவர்களிடையே என் பங்கு, உன் பங்கு என்ற பேச்சு வந்தது. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் "நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள்?" என்று கேட்காமல் கொடுத்தார்கள்.

இப்போது பெரிய நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று திட்டம் வருகிறது. சுனாமியில் இடம்பெயர்ந்தவர்கள் பழைய ஊருக்கே திரும்ப வேண்டும் என்று கேட்கிறார்கள். கொடுத்த சம்மதத்தை 2022-ல் அவர்கள் பழங்குடி மன்றம் திரும்பப் பெற்றது. நியூட்ரினோ விவகாரத்தில் நம் பொட்டிபுரத்துப் பெயர் பேப்பரில் அடிபட்டபோது, ஆதரித்தவரும் எதிர்த்தவரும் ஒன்றைச் சொன்னார்கள்: "எங்களிடம் முதலில் யாரும் கேட்கவில்லையே." அந்த மனக்குறை நமக்குத் தெரியாததா?

ஆகவே என் கருத்து இது. புதுச் சாமி வந்ததால் மட்டும் ஒரு சனம் அழிந்துவிடாது. தன் மொழியில், தன் பிள்ளை வாயால் வந்தால் அதையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும். கேட்காமல் தலையில் கட்டுகிற எதுவும், அது சாமியானாலும் சரி, சிமெண்ட் வீடானாலும் சரி, சனத்தைப் பிரித்துவிடும்.

என் பிள்ளைகளில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்களும் உண்டு. முதுவாக்குடிக்கோ, பளியர் குடியிருப்புக்கோ வேலையாகப் போனால், முதல் வாரம் எதுவும் கொடுக்காதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். அங்கிருந்து வரும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவில்லை என்றால் மக்கு என்று எழுதிவிடாதீர்கள். அவன் வீட்டுப் பேச்சில் நாலு வார்த்தை நீங்கள் கற்றுக்கொண்டு, அப்புறம் அவனைக் கேள்வி கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வழக்கம்போல எழுத்துப்பிழையைத் திருத்தித்தான் பதில் போடுவேன்!

அனைவரும் நலமாக இருங்கள்.