தராசுக்கு முத்திரை உண்டு, ஸ்கேன் மெஷினுக்கு?

நம் கடைத் தராசையும் படிக்கற்களையும் வருடாந்தம் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தாரிடம் காட்டி முத்திரை பெறுகிறோம். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அது. அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்து குர்ஆனில் தனி சூராவே உண்டு. பள்ளிவாசல்துறையில் கருவாடு நிறுப்பவருக்கும் இதெல்லாம் தெரியும்.

ஆனால் பல ஆயிரம் ரூபாய் கட்டி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சரியாக அளக்கிறதா என்று நாம் கேட்பதே இல்லை.

அதற்கும் படிக்கல் இருக்கிறது. 'பான்டம்' என்பார்கள். (காதுக்கு நம் பாண்டம் போலவே கேட்கும், பார்த்தால் பாண்டமேதான்.) அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியின் பெரிய பான்டம் ஓர் அக்ரிலிக் உருளை. உள்விட்டம் 190 மில்லிமீற்றர், உள்நீளம் 148. நிக்கல் குளோரைட்டும் உப்பும் கரைத்த நீர் நிரப்பி அடைத்திருப்பார்கள். ஏனெனில் மெஷின் படம் பிடிப்பது பெரும்பாலும் நீரிலுள்ள ஹைட்ரஜனைத்தான். நோயாளியின் உள்ளே என்ன அளவு என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது; பான்டத்தின் உள்ளளவு தெரியும். 190 என்பது படத்தில் 197 ஆக வந்தால் கோளாறு மெஷினில். மூன்று மாதத்துக்கு முன் 20 மில்லிமீற்றர் இருந்த கட்டி இன்று 22 என்றால், வளர்ந்தது கட்டியா, பிசகியது மெஷினா? சத்திரசிகிச்சை வேண்டுமா என்ற முடிவே இதில் தங்கியிருக்கலாம்.

1973இல் போல் லோட்டர்பர் வெளியிட்ட முதற்படமும் மனிதருடையதல்ல, நீர் நிரப்பிய இரு மெல்லிய கண்ணாடிக் குழாய்களுடையது. 2003இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் எக்ஸ்ரே, சி.டி. இரண்டும் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் சபையின் கண்காணிப்பில் வரும். எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர்வீச்சு இல்லாததால் அந்த வலையில் அது சிக்காது. அமெரிக்காவில் 2012 முதல், தரச்சான்று பெற்ற நிலையம் வெளிநோயாளருக்கு எடுக்கும் ஸ்கேனுக்கே மெடிகெயார் அரசுக் காப்புறுதி பணம் தருகிறது. காசு கொடுப்பவன் கேட்டான், நடந்தது.

இங்கே காசு கொடுப்பது நாம். ஏழை நோயாளிக்கு ஜமாஅத்தில் வசூலித்து அனுப்புவதும் நாமே. கடைசியாகப் பான்டம் வைத்துப் பார்த்தது எப்போது, கையொப்பமிட்டவர் யார் என்று நிலையத்தில் கேட்போம். "கம்பனி இன்ஜினியர் வந்து சேர்விஸ் பண்ணுகிறார்" என்பார்கள். தராசைத் திருத்துபவர் வேறு, முத்திரை குத்துபவர் வேறு. பான்டம் பார்த்த பதிவைக் காட்டும் நிலையத்துக்கே ஜமாஅத் கடிதம் கொடுக்கட்டும். ஐந்நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.